பிடிபட்ட நட்சத்திர ஆமைங்க எந்த ஊருன்னு டிஎன்ஏ வச்சு கண்டுபிடிக்க முடியுமா?

உச்சிப்புளி பையன்:

வணக்கம் மக்களே. நான் எம்.எஸ்சி. விலங்கியல் ரெண்டாவது வருஷம், சொந்த ஊரு உச்சிப்புளி பக்கம். கொஞ்ச நாள் முன்ன எங்க ஊருக்கு கிட்ட கடக்கரையோரம் ஒரு தென்னந்தோப்புல ரெண்டு சாக்கு கெடந்துச்சு, அக்கரைக்கு ஏத்த வச்சிருந்ததா இல்ல அங்கருந்து வந்து எறங்குனதான்னு இதுவரைக்கும் யாருக்கும் தெரியல, தெறந்து பாத்தா உள்ள பூரா நட்சத்திர ஆமை. ஒவ்வொண்ணையும் ஒரு சாக்ஸுக்குள்ள திணிச்சு வாய முடிச்சு போட்டு கருவாடு அடுக்குன மாதிரி அடுக்கியிருந்தாய்ங்க. எங்க சார் ஃபாரஸ்ட்ல பேசி விட்டதுல நானும் இன்னொரு பையனும் ரெண்டு நாள் தண்ணி காட்டுறதுக்கும் கழுவுறதுக்கும் உதவிக்கு போனோம். தட்டையான டப்புல ரெண்டு விரக்கடை தண்ணி ஊத்தி எறக்கி விட்டோம். ஒரு நிமிஷம் கல்லு மாதிரி இருந்துச்சுங்க, அப்புறம் எல்லாமே தலைய முக்கி குடிக்க ஆரம்பிச்சுது, தொண்டை ஏறி எறங்குறது மட்டுந்தான் தெரியுது, ஒரு சத்தம் கெடையாது. குடிச்சு முடிச்சதும் சுண்ணாம்பு கரைச்சு ஊத்துன மாதிரி வெள்ளையா மூத்திரம் போச்சுங்க, டாக்டர் பாத்துட்டு ரொம்ப நாளா தண்ணி இல்லாம கெடந்துருக்குன்னாரு.

மொத்தம் 43. அதுல 38-க்கு ஓடு வழவழன்னு இருக்கு. மிச்சம் 5-க்கு மட்டும் ஓட்டுல ஒவ்வொரு கட்டமும் கூம்பு கூம்பா எந்திரிச்சு நிக்குது, சைஸும் பெருசு. இது வீட்ல வளத்ததுன்னு பாத்தவுடனே சொன்னாங்க. இப்ப என் கேள்விக்கு வரேன். நம்ம ஊரு பொட்டக்காட்டுலயும் கருவக்காட்டுலயும் விட்டா பொழச்சுக்காதான்னு ஃபாரஸ்ட் கார்டு அண்ணன்கிட்ட கேட்டேன். அதெல்லாம் விட முடியாது தம்பி, டிஎன்ஏ பாத்து எந்த ஊருன்னு தெரிஞ்சாதான்னு சொல்லிட்டு போயிட்டாரு. டிஎன்ஏ-ல அப்படி ஊரு பேரே வருமா? ராமநாதபுரமா ஆந்திராவா சிலோனான்னு பிரிச்சு சொல்ல முடியுமா? அந்த 5 ஆமைக்கு அப்பன் ஆத்தா யாருன்னு தெரிய வழி இருக்கா? புத்தகத்துல மைட்டோகாண்ட்ரியா, மைக்ரோசாட்டலைட்னு படிச்சிருக்கேன், பரிட்சையும் எழுதிட்டேன், ஆனா ஒரு நெஜ ஆமைய கைல வச்சுக்கிட்டு யோசிச்சா ஒண்ணும் புரியல.

ஒரு வயித்தெரிச்சலையும் சொல்லிடுறேன். பிடிக்கும்போது ரெண்டு சாக்கும் தனித்தனியாத்தான் இருந்துச்சு, கொண்டு போய் வச்ச எடத்துல (எந்த எடம்னு வேணாம்) ஆமை எல்லாத்தையும் ஒரே தொட்டில கொட்டிட்டாய்ங்க. எது எந்த சாக்குல வந்துச்சுன்னு இப்ப யாருக்கும் தெரியாது.

——

பாம்பன் நாட்டுப்படகு:

தம்பி மனுசனுக்கே ஆதார் கார்டுல ஊரு பேரு தப்பு தப்பா வருது, ஆமைக்கு வேற பாக்கணுமாக்கும். அது பாட்டுக்கு புல்லு திங்கிற சீவன், நம்ம ஊரு வெயிலும் சிலோன் வெயிலும் ஒண்ணுதான, கருவக்காட்டுல விட்டா மழை பெஞ்சதும் தன்னால மேயப் போகுது. சாக்குக்குள்ள கெடந்தத கொண்டு போய் கூண்டுக்குள்ள போடுறதுக்கு பேரு காப்பாத்துறதா? எனக்கு வெளங்கல.

——

பரமக்குடி அக்கா:

தம்பி, நான் பரமக்குடிதான், இப்ப ஹைதராபாத்துல வேலை, கிட்டத்தட்ட 9 வருஷமா இதே மாதிரி டியூப் புடிச்சுக்கிட்டு இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுத்துக்க.

டிஎன்ஏ-ல ஊரு பேரு எழுதியிருக்காது. நாங்க செய்யுறது பொருத்தம் பாக்குறதுதான், ஜாதகப் பொருத்தம்னு வேணா வச்சுக்க. இன்ன காட்டுலதான் புடிச்சதுன்னு சந்தேகமில்லாம தெரிஞ்ச ஆமைங்களோட டிஎன்ஏ ஒரு செட்டு கைல இருக்கணும். உன் சாக்கு ஆமை அந்த செட்டுல யாரோட ஒட்டி நிக்குதுன்னு பாப்போம். செட்டுல இல்லாத ஊர்க்காரனா இருந்தா அதுல இருக்குறதுலயே கிட்டத்துல யாரு இருக்காங்களோ அவங்க பக்கத்துல போய் நிக்கும், தெரியாதவங்க அத வச்சு ஊரு கண்டுபிடிச்சாச்சுன்னு எழுதிடுவாங்க. இந்த வேலைல பாதி தப்பு இங்கதான் நடக்குது. மெஷின் எப்பவும் ஒரு பதில் குடுத்துரும், அந்த பதில நம்பலாமாங்கறது செட்ட பொறுத்தது.

நட்சத்திர ஆமைக்கு ஓரளவு வேலை நடந்திருக்கு. ராஜஸ்தான், குஜராத், பாகிஸ்தான் பக்கம் வடமேற்கு கூட்டம் ஒண்ணு, ஆந்திரா கர்நாடகா தமிழ்நாடு பக்கம் தெற்கு கூட்டம் ஒண்ணு, ரெண்டும் டிஎன்ஏ-ல நல்லாவே பிரிஞ்சு நிக்கும். ஆக உன் 43-ல குஜராத் பக்கத்து ஆமை கலந்திருந்தா அது கண்டிப்பா தெரிஞ்சுரும். ஏற்கெனவே சிங்கப்பூர்ல பிடிபட்டு இங்க திரும்பி வந்த நட்சத்திர ஆமைங்கள இங்க ஹைதராபாத்துல சிசிஎம்பி-ங்கற ஆராய்ச்சிக்கூடத்துல இப்படித்தான் பொருத்தம் பாத்தாங்க.

ஆனா ராமநாதபுரமா சிலோனான்னு கேட்டியே, அதுதான் இருக்குறதுலயே கஷ்டமான கேள்வி. ஏன்னு யோசிச்சுப் பாரு. ஒரு 20,000 வருஷத்துக்கு முன்ன கடல் மட்டம் இப்ப இருக்குறத விட 120 மீட்டர் கிட்ட கீழ இருந்துச்சு. பாக் ஜலசந்தி பூரா அப்ப தரை. நீ தனுஷ்கோடில நின்னு பாக்குற அந்த தண்ணி அன்னைக்கு காடு, ஆமை நடந்தே போய் நடந்தே வந்திருக்கும். அதுக்கப்புறம் கடல் ஏறி பிரிஞ்சு இத்தன ஆயிரம் வருஷம் நமக்கு பெருசு, ஒரு தலைமுறைக்கே பத்து வருஷத்துக்கு மேல எடுத்துக்குற ஆமைக்கு அது பெரிய காலமே இல்ல. அதுலயும் ஆமைங்களோட மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள்ள சக்தி குடுக்குற சின்ன உறுப்பு) டிஎன்ஏ மத்த பிராணிகள விட ரொம்ப மெதுவாத்தான் மாறும். அதனால அத மட்டும் பாத்துட்டு இக்கரையா அக்கரையான்னு யாராவது அடிச்சுச் சொன்னா நம்பாத. நியூக்ளியர் டிஎன்ஏ-ல, அதாவது செல்லோட நியூக்ளியஸுக்குள்ள இருக்குறதுல, நெறைய எடம் பாக்கணும், ரெண்டு கரையிலயும் காட்டு ஆமை சாம்பிள் நெறைய வேணும்.

அந்த 5 கூம்பு ஓட்டு ஆமைக்கு அப்பறம் வரேன், இப்ப பஸ்ஸு.

——

கால்நடை டாக்டர்:

படகு அண்ணனுக்கு ஒரு வார்த்தை. ஊருல விடாததுக்கு டிஎன்ஏ மட்டும் காரணமில்லங்க. சாக்குக்குள்ள எங்கெங்கயோ புடிச்சது ஒண்ணு மேல ஒண்ணு கெடந்துருக்கு. ஒண்ணுக்கு மூக்குல சளி இருந்தா 43-க்கும் ஒட்டியிருக்கும். ஆமைக்கு மைக்கோபிளாஸ்மான்னு ஒரு சுவாசக் கோளாறு இருக்கு, வெளிய நல்லா இருக்குற மாதிரியே தெரியும், கொண்டு போய் விட்டா காட்டுல நிம்மதியா இருக்குறதுக்கும் பரவிரும். அமெரிக்கால பாலைவன ஆமைகளுக்கு இது பெரிய தலைவலி, வீட்ல வளத்தத கொண்டு போய் விட்டதும் பரவுனதுக்கு ஒரு காரணம்னு சொல்றாங்க. அதனால முதல்ல தனியா வச்சு பாக்கணும், அவசரப்படக் கூடாது.

தம்பிக்கு: அந்த கூம்பு ஓடு பரம்பரை இல்ல. குட்டியில காய்ஞ்ச எடத்துல வச்சு கண்டத போட்டு வேகமா வளத்தா அப்படி எந்திரிக்கும். அதனால அது வளர்ப்புன்னு சொல்றது சரிதான், ஆனா காட்டுல குட்டியா புடிச்சு வீட்ல வளத்ததா, வீட்லயே பொறந்ததாங்கறத ஓட்ட பாத்து சொல்ல முடியாது.

——

உச்சிப்புளி பையன்:

நன்றி அக்கா, நன்றி டாக்டர் சார். சாம்பிள் எடுக்க ஓடு கீறணுமா, வலிக்குமா? நாங்க போயிருந்தப்ப எதுவும் எடுக்கல.

——

கால்நடை டாக்டர்:

ஓடெல்லாம் கீற வேணாம். ஆமை, பாம்பு, முதலை, கோழி இதுக்கெல்லாம் ரத்தத்துல சிவப்பணுக்குள்ளயே நியூக்ளியஸ் இருக்கும், நமக்கு கெடையாது. அதனால நம்ம ரத்தத்துல டிஎன்ஏ எடுக்க வெள்ளையணுவ நம்பணும், ஆமைக்கு ரெண்டு சொட்டு போதும். தலைய மெல்ல உள்ள அழுத்திட்டு கழுத்துக்கு மேல ஓட்டுக்கு அடியில சின்ன ஊசிய விட்டா வந்துரும், பழகுன கை வேணும். ரத்தம் வேணாம்னா வாய்க்குள்ள பஞ்சுக் குச்சிய வச்சு தேய்ச்சும் எடுக்கலாம், ஆனா ஆமை வாய தெறக்க வைக்கிறது ஒரு தனி தவம். யாரும் வீட்ல முயற்சி பண்ணாதீங்க, நட்சத்திர ஆமை இப்ப வனவிலங்கு சட்டத்துல முதல் அட்டவணை, அனுமதி இல்லாம தொட்டாலே கேஸு.

——

பரமக்குடி அக்கா:

டாக்டர் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். ரத்தத்த ஈத்தனால்ல விட்டவுடனே குலுக்கணும், இல்லன்னா ரசகுல்லா மாதிரி கட்டியாயிடும், உள்ள இருக்குறது கெட்டுப் போகும். அப்பறம் டியூப் மேல நம்பர் பென்சில்ல எழுதணும். மார்க்கர்ல எழுதக் கூடாது. சேந்த புதுசுல நான் அழகா மார்க்கர்ல எழுதி வச்சு, ஒரு டியூப் மூடி சரியா மூடாம ஸ்பிரிட் ஒழுகி 20 டியூப்ல எழுத்து பூரா அழிஞ்சு ஊதா கலர்ல ஒரு தண்ணி மட்டும் நின்னுச்சு. 20 ஆமைக்கும் டிஎன்ஏ இருக்கு, எது எந்த ஆமைன்னு தெரியாது. அன்னைக்கு ராத்திரி நான் அழுத அழுகைக்கு... சரி விடு. உன் சாக்கு கதைய படிச்சதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு.

சாக்கு கலந்ததுக்கு ஒரு சின்ன பரிகாரம் இருக்கு. அந்த சாக்ஸுங்கள தூக்கிப் போட்டுட்டாங்களா? போடலைன்னா பத்திரமா வைக்கச் சொல்லு. அதுக்குள்ள எச்சம் இருக்கும், எச்சத்துல அது கடைசியா தின்ன புல்லு, விதை எல்லாம் இருக்கும். டிஎன்ஏ அதோட முப்பாட்டன் ஊர சொல்லும், எச்சம் போன வாரம் எங்க மேஞ்சுச்சுன்னு சொல்லும், ரெண்டும் வேற வேற கேள்வி. வளர்ப்பா காடான்னு தெரியணும்னா ஓட்டோட மேல் பகுதிய துளி சொரண்டி ஐசோடோப் (ஒரே தனிமத்துல எடை மாறுன வகை) பாக்குற முறையும் இருக்கு, முட்டகோசு தின்னு வளந்ததுக்கும் காட்டுப் புல்லு தின்னு வளந்ததுக்கும் கார்பன் கணக்கு மாறும்.

இப்ப அந்த 5. மைட்டோகாண்ட்ரியா ஆத்தா வழியா மட்டுந்தான் வரும். ஆத்தா தெற்கத்தி, அப்பன் குஜராத்துன்னா, மைட்டோகாண்ட்ரியா மட்டும் பாத்தா சுத்த தெற்கத்தின்னு வரும். நீ அத நம்பி காட்டுல விட்டுருவ. வளர்ப்பு விலங்குல இது சும்மா ஒரு பயம் இல்ல, நெஜமா நடந்துக்கிட்டே இருக்கு. கம்போடியால சயாமிஸ் முதலைய பண்ணைங்கள்ல உப்புத்தண்ணி முதலையோட சேத்து வளத்து கலந்து போச்சு, தோலுக்காக. 2009-ல ப்னோம் தாமாவ் மீட்பு மையத்துல இருந்த 69 முதலைக்கு டிஎன்ஏ பாத்தாங்க, 35 தான் கலப்பில்லாத சயாமிஸ். மிச்சத்த கண்ணால பாத்து பிரிக்க முடியாது. காட்டுல அழிஞ்சே போச்சுன்னு நெனச்ச இனத்துக்கு அந்த 35 எவ்வளவு பெரிய சொத்துன்னு பாரு, டிஎன்ஏ பாக்காம 69-ஐயும் ஒரே தொட்டில விட்டிருந்தா அதுவும் போயிருக்கும்.

அதனால வளர்ப்பு கூட்டத்துக்கு மைட்டோகாண்ட்ரியாவும் வேணும், மைக்ரோசாட்டலைட் (நியூக்ளியர் டிஎன்ஏ-ல திரும்பத் திரும்ப வர்ற குட்டித் துண்டு) இல்லன்னா எஸ்என்பி-யும் (ஒத்த எழுத்து மட்டும் ஆளுக்கு ஆள் மாறுற எடம்) வேணும். ரெண்டாவதுல ஒவ்வொரு எடத்துலயும் ஆத்தாகிட்ட ஒண்ணு அப்பன்கிட்ட ஒண்ணுன்னு வரும், அத வச்சு அந்த 5-ம் அண்ணன் தங்கச்சியா, சித்தப்பா மக்களா, சம்பந்தமே இல்லையான்னு சொல்லலாம். அஞ்சும் ஒரே வயித்துப் பிள்ளைன்னு வந்தா ஒரே எடத்துல இருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம், கேஸுக்கும் அது உபயோகமா இருக்கும்.

——

கீழக்கரை துபாய்:

படிச்சுட்டு எழுதாம இருக்க முடியல. எங்க வாப்பா காலத்துல எங்க வீட்டு முத்தத்துல ரெண்டு நட்சத்திர ஆமை திரியும். அப்பல்லாம் இது தப்புன்னே யாருக்கும் தெரியாது, வீட்ல இருந்தா பரக்கத்துன்னு சொல்லுவாங்க. உம்மா சொல்றது, வாப்பா கொழும்புல கடை வச்சிருந்தப்ப அங்கருந்து கப்பல்ல கொண்டு வந்தது. லாத்தா அடிச்சு சொல்றா அதெல்லாம் இல்ல, முதுகுளத்தூர் பக்கத்துல இருந்து விறகு வண்டிக்காரர் கொண்டாந்து குடுத்ததுன்னு. இந்த சண்ட எங்க வீட்ல நோம்புக்கு நோம்பு நடக்கும். ஒரு ஐப்பசி மழைல கொல்லக் கதவு தெறந்து கெடந்து, பெருசு ஒண்ணு போயிடுச்சு, தெரு பூரா தேடுனோம் கெடைக்கல. இன்னொண்ணு ரொம்ப வருஷம் கழிச்சு மௌத்தாச்சு, தென்ன மரத்தடியில பொதச்சோம்.

என் கேள்வி, அந்த போன ஆமை சிலோன் ஆமையா இருந்து நம்ம காட்டுல போய் குட்டி போட்டிருந்தா? அப்ப நம்ம ஊரு காட்டு ஆமையே கலந்து போனதுதான? எத சுத்தம்னு வச்சு பொருத்தம் பாப்பீங்க? இன்னொண்ணு, பொதச்ச ஆமையோட ஓடு இன்னும் மண்ணுக்குள்ள இருக்கும், அதுல டிஎன்ஏ கெடைக்குமா? லாத்தாவோட சண்டைய முடிச்சு வைக்கணும்.

——

பரமக்குடி அக்கா:

காக்கா, சிரிச்சுட்டேன், ஆனா இந்த இழைலயே நல்ல கேள்வி இதுதான்.

முத கேள்விக்கு: ஆமாங்க, சாத்தியம் இருக்கு. நம்ம கரையில நூறு நூத்தம்பது வருஷமா அக்கரைக்கும் இக்கரைக்கும் ஆளும் ஆடும் போய் வந்திருக்கு, ஆமை மட்டும் போகாம இருந்திருக்குமா. ஒண்ணு ரெண்டு போறதால காட்டுக் கூட்டம் மாறிடாது, கடல்ல ஒரு சொம்பு தண்ணி. பயப்படுறது ஒரே எடத்துல நூறு எரநூறுன்னு கொண்டு போய் கொட்டுறதுக்குத்தான். அதனாலதான் கடத்தல்ல புடிச்சத மொத்தமா விடுற விஷயத்துல இவ்வளவு கெடுபிடி.

ரெண்டாவதுக்கு: எலும்புல கெடைக்கலாம், ஆனா நம்ம ஊரு சூடும் உப்பு மண்ணும் டிஎன்ஏ-வ வேகமா அரிச்சுரும். பழசுல இருந்து கெடைக்கவே கெடைக்காதுன்னு இல்ல, பசிபிக் கடல்ல இருக்குற கலபகோஸ் தீவுக்கூட்டத்துல, ஃபெர்னாண்டினா தீவுல 2019-ல ஒரே ஒரு பொட்டை ஆமைய கண்டுபிடிச்சாங்க, அந்த தீவு ஆமை அழிஞ்சு போச்சுன்னு நெனச்சிருந்த காலம். இது அந்த இனமா, இல்ல பக்கத்து தீவுல இருந்து மிதந்து வந்ததான்னு சண்ட. 1906-ல அதே தீவுல புடிச்சு மியூசியத்துல வச்சிருந்த ஒரே ஒரு ஆண் ஆமையோட டிஎன்ஏ-வ எடுத்து ஒத்து பாத்தாங்க, ரெண்டும் ஒரே குடும்பம். அந்த 1906 ஆமைய எவனோ பொறுப்பா ஊரு பேரு எழுதி வச்சிருக்கான் பாருங்க. நீங்க தென்ன மரத்தடிய தோண்டுனாலும் லாத்தா சொன்னதா உம்மா சொன்னதான்னு இப்போதைக்கு தீராது, ஏன்னா மேல சொன்ன மாதிரி ரெண்டு கரையும் ரொம்ப கிட்ட. லாத்தாவுக்கு விட்டுக் குடுத்துருங்க. அப்பறம் தோண்டுறதுக்கு முன்ன ஃபாரஸ்ட்ல ஒரு வார்த்த கேட்டுக்கோங்க, செத்ததா இருந்தாலும் அது முதல் அட்டவணைதான்.

——

பாம்பன் நாட்டுப்படகு:

சரிம்மா, நான் முதல்ல எழுதுனத வாபஸ் வாங்கிக்கிறேன், அந்த முதலைக் கணக்கு மனசுல நின்னுருச்சு. இப்ப ஒரு சந்தேகம். தனுஷ்கோடி பக்கம் சித்தாமை முட்டைய மணல்ல இருந்து எடுத்து வேலி போட்டு பொதச்சு வச்சு, குஞ்சு வந்ததும் கடல்ல விடுறாங்க. தை மாசத்துல இருந்து பங்குனி வரைக்கும் நாங்களே எத்தனையோ தடவ முட்டை கெடக்குற எடத்த காட்டிக் குடுத்துருக்கோம். அதுக்கெல்லாம் யாரும் டிஎன்ஏ பாத்த மாதிரி தெரியலயே, அது மட்டும் எப்படி செல்லும்? எங்கய்யா காலத்துல பேராமைய உயிரோட மல்லாக்கப் போட்டு கரையில அடுக்கியிருப்பாங்க, கறிக்கு, நான் சின்னப் பய, அது கண்ணுல தண்ணி வடியும், அழுகுதுன்னு நெனச்சு நானும் அழுவேன். உப்ப வெளியேத்துறதுதான்னு அப்பறம் பெரியவனாயி தெரிஞ்சுக்கிட்டேன். அந்த பேராமை நம்ம கடல்புல்லு திங்கத்தான் வருது, முட்டை போட எங்க போகுதுன்னு எங்களுக்குள்ளயே ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவோம்.

——

பரமக்குடி அக்கா:

அண்ணே, முட்டை அந்தக் கரையில போட்டதுன்னு கண்ணால பாத்தாச்சு, அதே கரையில குஞ்ச விட்டாச்சு, நடுவுல ஒண்ணர மாசம் அம்பது நாளு. ஊரு மாறவே இல்ல, அதனால பாக்க வேண்டியதில்ல. கடலாமை பொட்டை பொறந்த கரைப் பக்கமாவே திரும்பி வந்து முட்டை போடும், அதனால ஒவ்வொரு கரைக்கும் மைட்டோகாண்ட்ரியாவுல ஒரு சாயல் நிக்கும். நீங்க சொன்ன பேராமை எந்தக் கரையில பொறந்ததுன்னு தேடுறதும் அதே வழிதான், மேயுற எடத்துல சாம்பிள் எடுத்து முட்டை போடுற கரைங்களோட ஒத்துப் பாப்பாங்க, எந்தக் கரையில இருந்து எத்தன பங்குன்னு ஒரு கணக்கு வரும்.

ஆனா வெளியூர் முட்டைய கொண்டாந்து வளத்தா கதை வேற. கரீபியன்ல கேமன் தீவுல 1968-ல பேராமைப் பண்ணை ஆரம்பிச்சாங்க, கறிக்குத்தான். கோஸ்டாரிகா, சுரிநாம், அசென்ஷன் தீவுன்னு பல எடத்துல இருந்து முட்டையும் ஆமையும் கொண்டாந்து ஒண்ணா போட்டாங்க. அப்பறம் கொஞ்சத்த கடல்ல விட்டாங்க. இப்ப அந்தத் தீவுக் கரைக்கு வந்து முட்டை போடுற பொட்டைங்களுக்கு டிஎன்ஏ பாத்தா சுமார் 90 சதவீதம் அந்தப் பண்ணைக்கு சொந்தம். ஒரு பக்கம் சந்தோஷம், காலியா கெடந்த கரைக்கு ஆமை வந்துச்சு. இன்னொரு பக்கம் இது பழைய கேமன் ஆமை இல்ல, நாலு கடல் ஆமைங்களோட கலவை. நல்லதா கெட்டதான்னு இன்னும் பேசிக்கிட்டேதான் இருக்காங்க, எனக்கே ஒரு நாளைக்கு ஒரு மாதிரி தோணும். அங்க பழைய கூட்டம் போயே போச்சு, அதனால வந்த வரைக்கும் லாபம்னு விடலாம். நம்ம கருவக்காட்டுல பழைய கூட்டம் இன்னும் இருக்கு, அதனாலதான் நான் பயப்படுறேன்.

——

பாம்பன் நாட்டுப்படகு:

அது சரி. இப்ப வெளங்குது.

——

உச்சிப்புளி பையன்:

எல்லாருக்கும் நன்றி. நேத்து மறுபடி போயிருந்தேன். மூணு விஷயம். சாக்ஸு பூராவும் எரிச்சாச்சாம், நாத்தம் அடிச்சுச்சுன்னு. நெஞ்சு வலிக்குது. 43-ல 2 செத்துப் போச்சு, ரெண்டுமே வழவழ ஓட்டு காட்டு ஆமை, கூம்பு ஓட்டு அஞ்சும் நல்லாத்தான் திங்குதுங்க, வளர்ப்புல இருந்ததால பழகிருச்சு போல. செத்த ரெண்டுலயும் திசு எடுத்து வச்சுட்டாங்க, மிச்சத்துல அடுத்த வாரம் ரத்தம் எடுப்பாங்களாம்.

மூணாவதுதான் முக்கியம். ஒரு காட்டு பொட்டை ஆமை தொட்டி ஓரத்துல மணல பின்னங்காலால தோண்டி, நடுநடுவுல மூத்திரம் விட்டு மண்ண நனச்சு நனச்சு, நாங்க பாத்துக்கிட்டே இருக்கும்போது 4 முட்டை போட்டுச்சு. எல்லாம் ஒண்ணா கெடக்குறதால தொட்டில இருக்குற அந்த பெரிய கூம்பு ஓட்டு ஆண்தான் அப்பன்னு அங்க இருந்தவங்க முடிவே பண்ணிட்டாய்ங்க, கலப்பு முட்டை எதுக்கு, தூக்கிப் போடலாம்னு ஒரு பேச்சு ஓடுது. அக்கா என்ன செய்ய?

——

பரமக்குடி அக்கா:

தூக்கிப் போட விடாத!! டாக்டர் சார் இருந்தா பேசச் சொல்லு. பொட்டை ஆமை ஆணோட விந்த வயித்துக்குள்ள வருஷக்கணக்குல சேத்து வைக்கும். தொட்டிக்கு வந்து எத்தன நாளாச்சு, இத்தனைக்குள்ள சேந்து ஓடு கட்டி முட்டையா வர்றதுக்கு நேரமே பத்தாது. பெரும்பாலும் அது புடிபடுறதுக்கு முன்ன காட்டுல சேந்த ஆணோடதாத்தான் இருக்கும்.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு. குஞ்சு பொரிச்சு ஆளுக்கு ஒரு துளி ரத்தம் எடுத்தா, குஞ்சோட டிஎன்ஏ-ல இருந்து ஆத்தாவோடத கழிச்சுட்டா மிச்சம் அப்பனோடது. நாலு குஞ்சுன்னா நாலு தடவ கழிச்சுப் பாத்து அந்த அப்பனோட டிஎன்ஏ-வ ஓரளவு கட்டி எழுப்பிரலாம், நாலும் ஒரே அப்பனான்னும் தெரியும். சாக்குல மாட்டாத, இன்னும் ஏதோ ஒரு காட்டுல மேஞ்சுக்கிட்டு இருக்குற ஆமை அது. அதே கலபகோஸ்ல எஸ்பனோலா தீவு ஆமைக்கு இப்படித்தான் அப்பன் யாருன்னு கணக்கு பண்ணாங்க. 1963-ல இருந்து 1974 வரைக்கும் தேடி அந்தத் தீவுல மிஞ்சுன 14 ஆமைய புடிச்சாங்க, 12 பொட்டை, 2 ஆண். அமெரிக்காவுல சான் டியாகோ மிருகக்காட்சி சாலைல இருந்த டியாகோங்கற ஆண் ஆமையையும் சேத்து 15, இதுங்கள வச்சுத்தான் இனத்த பெருக்குனாங்க. பேரு பூரா டியாகோவுக்குத்தான், பேப்பர்ல எல்லாம் மன்மதன்னு எழுதுனாங்க, 2020-ல அத தீவுக்கே திருப்பி விட்டப்ப ஊரே கொண்டாடுச்சு. குட்டிங்களுக்கு டிஎன்ஏ பாத்தா சுமார் 40 சதவீதம்தான் டியாகோவோடது, மிச்சத்துல பெரும்பங்கு பேரு கூட இல்லாத, வெறும் நம்பர் மட்டும் இருக்குற இன்னொரு சாதுவான ஆணோடது. கூடவே இருந்து பாத்தவங்களே அப்பன தப்பா நெனச்சுட்டாங்கன்னா உன் தொட்டிக்காரங்க நெனக்கிறதுக்கு கேக்கவா வேணும்.

——

கால்நடை டாக்டர்:

அக்கா சொன்னது சரி. முட்டைய உருட்டாதீங்க. எடுக்குறப்ப மேல் பக்கம் எதுவோ அது மேலயே இருக்கணும், உச்சில ஒரு சின்ன குறி போட்டுட்டு அப்படியே மணல்ல வைங்க. பொரிக்க மூணு நாலு மாசம் கூட ஆகலாம், அவசரப்பட்டு நோண்ட வேணாம். அங்க இருக்குறவர்கிட்ட நான் ஃபோன்ல பேசுறேன், எடத்த மட்டும் எனக்கு தனியா அனுப்புங்க.

——

உச்சிப்புளி பையன்:

பேசுனதுக்கு நன்றி டாக்டர் சார். நாலும் இப்ப தனி டப்பாவுல, மணலோட, நெழல்ல இருக்கு. நான் தொடல, கார்டு அண்ணன்தான் எடுத்து வச்சு உச்சில குறி போட்டாரு. மார்க்கர எடுத்தாரு, நான் சட்டப்பைல இருந்து பென்சில குடுத்தேன் அக்கா.